தூங்காத வண்டி

சின்னையன் பதினேழு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவர் என்று கேள்விப்பட்டவர்கள், அவருடைய வீட்டைப் பார்த்ததும் இதுதானா என்று கேட்பார்கள். குமராட்சியிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கம் பிரியும் சாலையில், தகரக் கதவு போட்ட இரண்டு அறை வீடு. மழைக்காலத்தில் முன்னறையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். தங்கைகள் இரண்டு பேரின் கல்யாணம், பிறகு ஒரே மகளின் கல்யாணம் என்று அங்கே சம்பாதித்ததெல்லாம் வந்த வழியிலேயே போயிருந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்த ஒர்க்ஷாப்பில் சாதாரணக் கார்கள் உள்ளே வராது. தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் வேகக் கார்கள்தான் வரும். இரண்டே இருக்கை, துணிக் கூரை, சாவி போட்டால் புலி உறுமுகிற மாதிரி சத்தம். அந்த வண்டிகளில் ஒயர் வேலை முழுவதும் சின்னையன் கையில் இருந்தது. எந்த ஒயரில் எவ்வளவு கரண்ட் போகிறது, போகக் கூடாத இடத்துக்கு எதனால் போகிறது என்பதை ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு தேடிப் பிடிப்பார். ஆறு மணி நேரம் தேடி ஒரு நூல் அளவு செம்புக் கம்பியைக் கண்டுபிடித்த நாளெல்லாம் உண்டு. அங்கே அதற்கு மதிப்பு இருந்தது. அங்கிருந்த மேஸ்திரி, பாகிஸ்தான்காரர், மற்றவர்கள் தோற்றுப்போன வண்டியை இவர் பக்கம் தள்ளிவிட்டு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைப்பார்.

2004இல், உடன் வேலை செய்த ஒருவன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியிலிருந்து கிளாம்பை அவசரமாகப் பிடுங்கினான். ஒரு பொறி. பேட்டரி வெடித்தது. ஆசிட் சின்னையனின் இடது கண்ணில் பட்டது. கண் உருவம் மாறவில்லை. கருவிழி மட்டும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்து, பார்வை போய்விட்டது. அடுத்த வருஷம் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள்.

வந்தவர் சிதம்பரம் வண்டிகேட் பக்கத்தில் ஒரு தகர ஷெட் பிடித்தார். ‘வெளிநாட்டுக் கார்களும் பார்க்கப்படும்’ என்று போர்டில் ஒரு வரி எழுதச் சொன்னார். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “வெளிநாட்டுக் காரு எந்தப் பக்கமா வருது, கொள்ளிடத்துல நீஞ்சிகிட்டா?” என்று கேட்டார். அன்றிலிருந்து சின்னையனுக்கு ‘துபாய்’ என்று பெயர். ஷார்ஜா வேறு, துபாய் வேறு என்று முதல் ஒரு மாதம் திருத்திப் பார்த்தார்.

வந்தவையெல்லாம் மினிபஸ்களும் டிராக்டர்களும் லோடு ஆட்டோக்களும்தான். ஹாரன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை. மற்றவர்கள் ஒரு ஒயரை வெட்டி, நேராக இழுத்து, டேப் சுற்றிப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார்கள். சின்னையன் மீட்டரை எடுப்பார். “ஏன் போச்சுன்னு பாத்துடலாம்” என்பார். டிரைவருக்கு அடுத்த டிரிப் போக வேண்டும். ஏன் போச்சு என்று அவனுக்கு எதற்கு? ஒரு தடவை வந்தவன் மறு தடவை வரமாட்டான். கடைசியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதும் தண்ணீர் ஊற்றுவதுமே தொழில் என்று ஆயிற்று. அவர் மனைவி ராசம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். வீடு ஓடியது அதனால்தான். அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குச் சில நேரம் தோன்றும்.

2010 தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் கடலூரிலிருந்து சுப்பிரமணியன் போன் செய்தார். திருப்பாதிரிப்புலியூரில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். சின்னையனுக்குப் புது பேட்டரிகளைக் கடனுக்கு அவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், உன் வண்டி ஒண்ணு இங்க வந்து மாட்டியிருக்கு.”

“என் வண்டியா?”

“நீ தெனம் பேசுவியே, அந்த வண்டி. ரெண்டே பேரு குந்துற வண்டி, செவப்பு. மஞ்சக்குப்பத்துல ஒருத்தரு பெங்களூருலேர்ந்து வாங்கியாந்திருக்காரு. ஒரு வாரமா அசையல. மூணு மெக்கானிக்கு போய்ப் பாத்துட்டானுங்க. பேட்டரி எங்க இருக்குன்னே தெரியலயாம்!”

சின்னையன் எந்த வண்டி என்று பெயரைக் கேட்டார். சுப்பிரமணியன் தட்டுத்தடுமாறி ஒரு பெயரைச் சொன்னார். சின்னையன் ஷார்ஜாவில் கழற்றி மாட்டிய அதே ரக வண்டி. ஷெட்டைப் பூட்டினார். மீட்டரையும் ஸ்பேனர்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் கடந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. மனதுக்குள் அந்த வண்டியின் ஃபியூஸ் பெட்டியை வரிசை வரிசையாக நினைவுபடுத்திக்கொண்டு வந்தார். ஒன்றுகூட மறந்துபோகவில்லை.

வண்டியின் சொந்தக்காரர் சபேசன். முப்பத்திரண்டு வயது. கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு லாரி ஓட்டும் கான்ட்ராக்ட் வேலை. இன்னும் ஆறு நாளில் அவருக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தச் சிவப்பு வண்டியில் நாலு வீதியையும் சுற்றி, கீழ சன்னதியில் இறங்கி நடராஜரைக் கும்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காகவே வாங்கின வண்டி.

சின்னையன் போனபோது வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. வாட்ச்மேன் சாமிக்கண்ணு வழியிலேயே சொன்னார்: “முன்னாடி மூடிய தொறக்க எல்லாரும் மல்லுக்கட்டுனானுங்கப்பா. எஞ்சினு அதுலதான் இருக்குமாம். ஒருத்தன் கடப்பாரையே கேட்டான்.”

“எஞ்சினு பின்னாடிங்க” என்றார் சின்னையன். “முன்னாடி இருக்கிறது டிக்கி. பேட்டரியும் அதுலதான். அந்த மூடி கரண்டுலதான் தொறக்கும். பேட்டரி செத்தா மூடி தொறக்காது. மூடி தொறந்தாத்தான் பேட்டரி.”

“அப்ப எப்படித்தான் தொறக்கிறது?”

சின்னையன் டிரைவர் பக்கம் மண்டியிட்டார். கால் வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி. அதில் இழுத்தால் வெளியே வருகிற ஒரு சின்னச் சிவப்பு முனை உண்டு, இதற்கென்றே வைத்தது. வழியில் சுப்பிரமணியன் கடையிலிருந்து எடுத்து வந்த புது பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை அதில் கவ்வவிட்டு, இன்னொன்றைக் கதவின் இரும்பில் மாட்டி, மூடியின் லீவரைத் தட்டினார். ‘டக்’ என்று மூடி அரை விரல் மேலே எழும்பியது.

சபேசன் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டினார். “யோவ்! எங்கய்யா இருந்த நீ இவ்ளோ நாளா?”

அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று ஐந்து வருஷமாகக் காத்திருந்தவர் சின்னையன். சிரித்தார்.

பழைய பேட்டரியைக் கழற்றினார். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் அப்புறம். அந்தப் புது பேட்டரியை உட்கார வைத்து, பட்டையை முறுக்கி, பாசிட்டிவை முதலில் மாட்டினார். சாவி போட்டதும் வண்டி உறுமியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சபேசன் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துக் காதைப் பிளந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு கிளம்பியிருப்பார்கள். சின்னையனால் முடியவில்லை. இருந்த பேட்டரி செத்தது எதனால்? வண்டியை அணைக்கச் சொல்லி, பூட்டச் சொல்லி, நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை மாட்டிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பூட்டின வண்டி கொஞ்ச நேரத்தில் தூங்க வேண்டும். மீட்டரில் முள் ஏறக்குறைய சைபருக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. ஒரு ஆம்பியருக்கு மேலேயே நின்றது. உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கம்பளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தண்ணீர் ஊறி வந்தது. துணிக் கூரையின் தண்ணீர் வடிகிற ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்திருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில்தான் வண்டிக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. அது நனைந்திருந்தால் தூங்காது. இந்த நோயை ஷார்ஜாவில் அவர் பார்த்திருக்கிறார். அங்கே மழை அபூர்வம், கழுவுகிற தண்ணீரால் வரும்.

“சார், பேட்டரி மட்டும் இல்ல சார். உள்ள கரண்டு லீக் ஆவுது. சீட்டக் கழட்டி அந்தப் பொட்டிய எடுத்துக் காய வைக்கணும். நாளைக்கு ஒரு நாள் வண்டிய எங்கிட்ட விடுங்க.”

“நாளைக்கு தீபாவளிய்யா. அதுக்கப்பறம் நான் மெட்ராஸ் போறேன், துணி எடுக்க. இப்ப ஓடுதா இல்லயா?”

“ஓடுது சார். ஆனா நிறுத்தி வச்சா மூணாம் நாளு எழுந்திருக்காது.”

“புது பேட்டரி மாட்டியிருக்கல்ல?”

“எந்த பேட்டரியா இருந்தாலும் சார். இல்லன்னா ஒண்ணு செய்யுங்க. நிறுத்துறப்பல்லாம் இந்த நெகட்டிவ மட்டும் கழட்டி வச்சிட்டு, மூடிய அழுத்தாம விட்டுடுங்க. எடுக்குறப்ப மாட்டிக்கலாம்.”

சபேசன் சிரித்துவிட்டார். “தெனம் கழட்டி மாட்ட இது என்ன மாட்டு வண்டியா?” பிறகு சின்னையன் தோளில் தட்டினார். “பயப்படாத. பாண்டிச்சேரில நம்ம பசங்க நாலு பேருகிட்ட இந்த மாதிரி வண்டி இருக்கு. எல்லாரும் சர்வீசுக்கு மெட்ராசுக்குத் தூக்கினு போறானுங்க. கல்யாணம் முடியட்டும், உனக்கு செம்மண்டலத்துல ஒரு ஷெட்டே போட்டுடலாம்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் சின்னையன் முதலில் ஷெட்டைப் பற்றித்தான் சொன்னார். ராசம்மாள் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டு வருஷக்கணக்கில் ஆயிற்று. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் லீக் விஷயத்தைச் சொன்னார்.

“சொல்லிட்டீங்கல்ல மாமா? அவரு பாத்துக்குவாரு.”

“கேட்டுக்கல அவரு. காதுலயே வாங்கிக்கல.”

தீபாவளிக்கு மறுநாள் அவர் கடலூருக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. சாமிக்கண்ணு கேட்டைத் திறக்கவில்லை. முதலாளி மெட்ராஸ் போயிருக்கிறார், சாவியும் அவரிடம், யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு. கேட்டின் கம்பி வழியே வண்டி தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. துணிக் கூரைமேல் ஒரு தார்ப்பாய் போட்டிருந்தாலாவது தேவலை. “ஒரு பாயப் போட்டு மூடுங்கண்ணே” என்றார். சாமிக்கண்ணு கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டே, “முதலாளிய கேக்காம எப்பிடிப்பா?” என்றார்.

மறுநாளும் போனார். அன்றைக்கு சபேசனுக்கு போன் செய்து பார்த்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, “யாரு? ஓ, நீயா. இன்னும் என்னய்யா வேணும் உனக்கு?” என்றார் சபேசன். பின்னால் கடைச் சத்தம், பெண்களின் சிரிப்பு. “சார், வண்டிய ஒரு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி...” என்று ஆரம்பிப்பதற்குள் போன் அறுந்துவிட்டது.

தீபாவளியன்றும் மெட்ராசிலிருந்து வந்த அன்றும் சபேசன் எடுத்துச் சுற்றியதால், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வண்டி எப்படியோ எழுந்து சிதம்பரம் வந்து சேர்ந்தது. அது கடைசி மூச்சில் வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்து வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து போட்டுப் பூ அலங்காரம் செய்தார்கள். பாட்டு வேறு போட்டிருக்கிறார்கள்.

காலையில் ஒன்பதரை மணிக்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் சின்னையன் ஷெட்டுக்கு வந்தார்கள். “வாய்யா” என்று மட்டும் சொன்னார்கள். சார்ஜ் ஏறியிருந்த ஒரு பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார்.

மண்டபத்து வாசலில் ஐம்பது அறுபது பேர். மாலையும் கழுத்துமாகச் சபேசன். பக்கத்தில் பொண்ணு சிவப்ரியா, அரக்கு நிறப் பட்டில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. யாரோ ஒரு கெட்டிக்காரர் எப்படியோ மூடியைத் திறந்து, ஒரு வேனின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருந்தார். பொண்ணின் தாய்மாமன் குனிந்து கிளாம்பை பேட்டரி முனையில் தேய்த்துத் தேய்த்துப் பொறி பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பேட்டரிக்கு நேர் மேலே இருந்தது.

சின்னையனுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. “தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். தாய்மாமன் தடுமாறிப் பின்னால் இருந்தவர்மேல் சாய்ந்தார். பட்டுச் சட்டையில் நாலு விரலும் கிரீஸாகப் பதிந்திருந்தது.

“எவன்டா இவன்? யாரு மேல கை வைக்கிற?”

“வெடிச்சிடுங்க... கண்ணு போயிடும்...”

அதை யாரும் கேட்கவில்லை. சபேசன் முன்னால் வந்தார். “இவன்தான். இவன்தான் மாட்டுனான். புதுசுன்னு சொல்லி எதையோ ஓட்ட பேட்டரிய மாட்டிட்டுப் போயிட்டான். இத்தன பேரு முன்னாடி நிக்க வச்சிட்டான் பாரு!”

“சார், நான் அன்னிக்கே சொன்னேனே சார். மூணாம் நாளு எழுந்திருக்காது, நெகட்டிவ...”

சபேசன் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார். “என்ன சொன்ன? எங்கிட்ட நீ என்ன சொன்ன?”

சின்னையன் சுற்றிலும் பார்த்தார். அன்று கேட்டுக்கொண்டிருந்த சாமிக்கண்ணு அங்கே இல்லை. இருந்திருந்தாலும் என்ன. எல்லோரும் அவருடைய வெள்ளைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணும் இல்ல சார்” என்றார்.

கை மட்டும் வேலை செய்தது. வேன் ஒயரைப் பிரித்தார், கொண்டுவந்த பேட்டரியைப் பக்கத்தில் வைத்து ஒயர் கொடுத்தார், பாசிட்டிவ், பிறகு வண்டியின் இரும்பில் எர்த். வண்டி உறுமியது. ஒயர்களை எடுத்துவிட்டு மூடியைச் சாத்தினார். கூட்டம் ஓவென்று கத்தியது. “அணைக்காதீங்க சார். கோயில்ல எறங்குனாலும் ஒருத்தர உக்கார வச்சி எஞ்சின ஓட விடுங்க” என்றார். சபேசன் காதில் விழுந்ததோ இல்லையோ, பூமாலைகள் ஆட வண்டி கிளம்பிப் போயிற்று.

மேலவீதி, வடக்கு வீதி எல்லாம் நன்றாகத்தான் சுற்றியிருக்கிறார்கள். கீழ சன்னதியில் இறங்கும்போது சபேசன் சாவியைத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து சாவி போட்டால் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தது. பூக்கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் பொண்ணும் மாப்பிள்ளையும் வாடகை அம்பாசிடரில் ஏறி மண்டபத்துக்குத் திரும்பினார்கள். சாமி வாசலிலேயே இப்படி நின்றுபோச்சே என்று பொண்ணின் அம்மா அழுதாளாம். அன்று மத்தியானப் பந்தியில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லையாம்.

இதெல்லாம் சின்னையனுக்குப் பஞ்சர் கடைக்காரர் மூலமாகத் தெரிய வந்தது. ஊருக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. டூப்ளிகேட் பேட்டரி போடுகிற ஆள், கல்யாணத்தையே கெடுத்த ஆள். கார்த்திகை மாதம் முழுக்க ஷெட்டுக்கு நாலு வண்டி வந்திருந்தால் அதிகம். வந்தவர்களும் பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், சார்ஜ் ஏறி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவர் தன் பேட்டரியின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தார். சின்னையன் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

சுப்பிரமணியனைப் பார்க்கப் போனார். “நீங்க குடுத்த பேட்டரிதானே? நல்ல பேட்டரின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

சுப்பிரமணியன் கடைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். “எனக்குத் தெரியும் மச்சான், நீ அப்படிச் செய்ற ஆளு இல்ல. ஆனா அவுங்களுக்கு இருபது லாரி ஓடுது. அத்தனைக்கும் பேட்டரி நம்ம கடைலதான் எடுக்குறாங்க. நான் போய் வாயத் தொறந்தா? கொஞ்ச நாளு நீ வேற எங்கயாச்சும் வாங்கிக்கயேன்.”

வேறு எங்கே வாங்குவது? சின்னையன் தலையாட்டிவிட்டு வந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் சாமிக்கண்ணு சிதம்பரம் வந்தவர் ஷெட்டில் நின்றார். மெட்ராஸ் கம்பெனியிலிருந்து பெரிய வண்டி வந்து சிவப்பு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். “சரி பண்ணிட்டாங்க. சீட்டுக்கு அடியில ஏதோ பொட்டியாம், தண்ணி பூந்து கெட்டுப்போச்சாம். நீ அன்னிக்குச் சொன்னது அதானே? எனக்கு மறக்கலப்பா. பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு அவுங்களே சொல்லிட்டாங்க.”

அன்று சின்னையன் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். ராசம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “போய்க் கேளுங்க மாமா. வேற எதுவும் வாணாம். பேட்டரி மேல தப்பு இல்லன்னு அவரு வாயால நாலு பேருகிட்ட சொல்லட்டும், போதும்” என்றாள்.

சலவை வேட்டி கட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் போனார். சபேசன் இருந்தார். கோபமே இல்லை. “வாய்யா, உக்காரு” என்று நாற்காலி காட்டினார். சின்னையன் நின்றுகொண்டே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். சபேசன் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அட, அத இன்னுமா நெனச்சிக்கிட்டிருக்க? அந்த வண்டியவே வித்துட்டேன்யா. எப்பவோ முடிஞ்சு போன விஷயம்.”

“உங்களுக்கு முடிஞ்சிருச்சு சார். எனக்கு கடைக்கு ஒருத்தரும் வர்றதில்ல. சுப்பிரமணியன்கிட்ட நீங்க ஒரு போன்...”

“சரி சரி, சொல்றேன். டீ சாப்ட்டுட்டுப் போ.” உள்ளே குரல் கொடுத்துவிட்டு, யாரோ வந்திருப்பதாக வாசலுக்குப் போய்விட்டார்.

டீ கொண்டுவந்தது சிவப்ரியா. சின்னையன் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்ளரை நீட்டியவள் உடனே போகவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

“நீங்க மனசுல வச்சிக்காதீங்க அண்ணே. உங்க மேல தப்பில்லன்னு அவருக்கும் தெரியும். அன்னிக்கு அம்பாசிடர்ல வர்றப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு. ‘அந்த ஆளு கரெக்டாத்தான் சொன்னான், நாந்தான் கேக்கல’ன்னு. எங்க மாமா முன்னாடி விட்டுக்குடுக்க முடியாமத்தான் அப்படிப் பேசிட்டாரு.”

சின்னையன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதுவரைக்கும் அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அந்த மனுஷனுக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் சரியாகிவிடும். அதை வைத்துக்கொண்டுதான் இந்த மூன்று மாதமும் தினம் காலையில் ஷெட்டைத் திறந்திருக்கிறார். இப்போது அந்தக் கணக்கும் இல்லை.

“சரிம்மா” என்றார். டீயைக் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். சபேசன் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்வார் என்று சின்னையனும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் ராசம்மாள் கேட்டதற்கு, “சொல்றேன்னாரு” என்றார். அம்பாசிடரில் பேசிய பேச்சை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த வருஷம் எப்படியோ கழிந்தது. டிசம்பர் கடைசியில் ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் வந்தது. விடிந்தபோது ஷெட்டின் தகரக் கூரை எதிர்ப்பக்க வயலில் கிடந்தது. சார்ஜர் மழையில் ஊறிப்போயிருந்தது. கடலூர் பக்கம் ஒரு கம்பம் மிச்சமில்லாமல் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு ஜனங்கள் அலையாக அலைந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் செல்போன் டவர்காரர்களும், இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவருடைய தொழிலுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வருகிற நாட்கள் அவை. அவரிடம் ஏற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

ஜெனரேட்டர் வைத்திருந்த சுப்பிரமணியன் கடையில் ரோடுவரைக்கும் வரிசை. ஆள் போதாமல் அவரே சொல்லி அனுப்பினார். சின்னையன் போனார். சுப்பிரமணியன் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுக்கி வைத்த பேட்டரிகளைக் காட்டினார். “இங்கயே இருந்து பாத்துக்க மச்சான். முன்னாடி மட்டும் வந்துடாத. யாராச்சும் பாத்தா பேசுவாங்க.”

இரண்டு வாரம் அந்தப் பின்கட்டிலேயே வேலை செய்தார். ஜன்னல் இல்லாத இடம். ஆசிட் நெடியில் நல்ல கண்ணும் எரியும். ஒவ்வொரு பேட்டரியாக மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுவார், கிளாம்பை மாட்டுவார், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளாம்பை எடுப்பார். முன்னால் வரிசையில் நிற்பவர்கள், சுப்பிரமணியன் கடைச் சார்ஜ் நன்றாக நிற்கிறது என்று பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்தது. பொங்கல் கழிந்து கரண்ட் வந்தது. அதற்கு மறுநாள் வர வேண்டாம் என்று சுப்பிரமணியன் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மைதான்.

ஷெட்டுக்குத் திரும்பக் கூரை போடவில்லை. இடத்துக்காரர் வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார்.

2012 வைகாசியில் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணையில் சின்னையனுக்கு வேலை கிடைத்தது. குளத்தில் தண்ணீரைக் கலக்கி விடுகிற இயந்திரங்கள் பகல் முழுக்க ஓடுகின்றனவா என்று கரையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். ஒன்று நின்றால் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் தொட்டுப் பார்க்கக் கூடாது, அதற்கு மெக்கானிக் வருவார். சேர்ந்த அன்று மேனேஜர், படித்த சின்ன வயசுக்காரர், ஒரு நோட்டில் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு கேட்டார்.

“முன்னாடி எங்க இருந்தீங்க ஐயா?”

“வெளிநாட்டுல.”

“அப்படியா! என்ன வேல?”

சின்னையன் குளத்துப் பக்கம் பார்த்தார். வெயிலில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

“கூலி வேலதாங்க” என்றார். “சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.”

மேனேஜர் அதை எழுதிக்கொண்டார். எட்டாம் குளத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி, ஒரு தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார்.